சொரசொரப்பின் நியாயம்

பூச்சு முடிந்த புதுவீட்டைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் முதலில் செய்கிற காரியம், சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. கை வழுக்கிக்கொண்டு போனால் கொத்தனார் கெட்டிக்காரர். விரலில் மணல் நெருடினால், "என்ன, ஃபினிஷிங் போடாமலே விட்டுட்டாரா?" என்று கேள்வி வரும். தமிழ்நாட்டில் பூச்சு வேலையின் தரத்தை அளக்க இதைவிடப் பரவலான கருவி கிடையாது. உட்சுவருக்கு இந்தச் சோதனை சரி. வெளிச்சுவரையும் அதே கையால் அளக்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கேட்கக் காரணம் உண்டு. ஓயாமல் மழை தூறும் ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகளாகக் கோட்டைச் சுவர்களுக்குத் தொட்டால் தோல் உரியும் சொரசொரப்பான பூச்சைத்தான் வேண்டுமென்றே போட்டார்கள். சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளிலும் டெல்லியின் அரசுக் கட்டடங்களிலும் கல்பொடி தெரியும் பூச்சுகள் இன்னும் நிற்கின்றன. அதே சமயம், இப்படியொரு பூச்சை நம்பிக் கட்டிய உலகப் புகழ்பெற்ற வீடு ஒன்று உள்ளுக்குள் ஊறிப்போய், இன்று எஃகு வலைக் கூண்டுக்குள் நிற்கிறது. ஒரே வகைப் பூச்சு ஓரிடத்தில் குடையாகவும் இன்னோரிடத்தில் ஈரத்துணியாகவும் ஆனது எப்படி?

முதலில் நம் பக்கத்து மோகத்தைச் சொல்லிவிட வேண்டும். வழவழப்பான சுவர் மீது நமக்கிருக்கும் ஆசை சிமெண்டோடு வந்ததல்ல. கடற்சிப்பியைச் சுட்டு, நீற்றி, அரைத்து எடுத்த சுண்ணாம்பில் பூச்சுக்கு மேல் பூச்சாக மணலைக் குறைத்துக்கொண்டே போய், கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லத் தண்ணீர், தயிர், நெய் என்று சேர்த்து, வழுவழுப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்துப் பளிங்கு போல ஆக்குகிற வித்தை இங்கே இருந்தது. ஆங்கிலேயர் அதை 'மெட்ராஸ் சுனம்' என்று பெயர் சொல்லிக் கொண்டாடினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் உட்சுவர்களில் அதன் பளபளப்பை இன்றும் பார்க்கலாம். அந்த வித்தை கடல் கடந்தும் போயிற்று. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856இல் தொடங்கி 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் பதப்படுத்திய நம் மெட்ராஸ் சுண்ணாம்புதான்.

இந்த மரபில் சொரசொரப்பு என்றால் ஏழ்மை, இல்லாவிட்டால் சோம்பல். மண்சுவர் சொரசொரக்கும், மாட்டுக் கொட்டகை சொரசொரக்கும், பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற வீடு சொரசொரக்கும். மாளிகை வழுக்கும். சிமெண்ட் வந்த பிறகும் கண்ணும் கையும் மாறவில்லை. சுண்ணாம்பு போன இடத்தில் சிமெண்ட் பால் வந்தது, அதற்குப் பின் பட்டி வந்தது. அவ்வளவுதான்.

சொரசொரப்பான பூச்சு என்று ஒரே பெயரில் சொல்வது எத்தனை வகைகளை என்பதையும் பார்த்துவிடலாம். கூழாங்கல்லையோ கல்சிப்ஸையோ கலவையோடு சேர்த்தே பிசைந்து, கரண்டியில் அள்ளிச் சுவரில் வீசி அடிப்பது ஒன்று. ஆங்கிலேயர் இதை ரஃப்காஸ்ட் என்பார்கள். ஸ்காட்லாந்தில் இதற்குப் பெயர் ஹார்லிங். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வெறும் கல்லை அதன் மேல் வாரி இறைத்து, பலகையால் லேசாகத் தட்டிப் பதிய வைப்பது பெப்பிள்டாஷ். முன்னதில் ஒவ்வொரு கல்லின் மேலும் கலவை மூடியிருக்கும். பின்னதில் கல்லின் முகம் வெறுமையாகத் தெரியும். இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். மூடிய கல் உதிராது, திறந்த கல் ஒவ்வொன்றாக விடைபெறும். மூன்றாவது வகை, கல்சிப்ஸ் கலந்த பூச்சைப் போட்டு, இறுகத் தொடங்கும் நேரம் பார்த்துத் தண்ணீரும் பிரஷும் கொண்டு மேல்தோல் சிமெண்டைக் கழுவிக் கல்லை வெளியே காட்டுவது. வட இந்தியாவில் இதைக் கிரிட் வாஷ் என்பார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் பட்டைகள் கலவையைத் துளித்துளியாகச் சுவரில் தெறிக்கும் ஒரு தகரப் பெட்டியும் உண்டு. அதிலிருந்து வருவது டைரோலியன். பூசிய மறுநாள் மேல்தோலைச் சுரண்டி எடுப்பது ஐரோப்பாவில் வழக்கம். நம் ஊர் ஸ்பாஞ்ச் ஃபினிஷ் இந்தக் குடும்பத்தின் சாதுவான கடைக்குட்டி. டின்னில் வரும் அக்ரிலிக் டெக்ஸ்சர் மட்டும் உறவு சொல்லிக்கொண்டு வந்த அந்நியன். அதைப் பற்றிப் பின்னால்.

இனி, சொரசொரப்பு என்ன வேலை செய்கிறது? கொத்தனார் சிமெண்ட் பூச்சை வழவழப்பாக்க இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்க்கும்போது நீரும் நுண்ணிய சிமெண்டும் மேலே ஏறி வரும். அதுதான் சிமெண்ட் பால். சிலர் ஈரம் சீக்கிரம் இழுக்கட்டும் என்று வெறும் சிமெண்டையே தூவித் தேய்ப்பார்கள். இரண்டிலும் விளைவு ஒன்றே. உள்ளே மணல் நிறைந்த உடம்பு, மேலே சிமெண்ட் மட்டுமே மிகுந்த மெல்லிய தோல். சிமெண்ட் காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது. தோல் சுருங்க, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்க, வற்றிய குளத்து வண்டல் போல மயிரிழை வெடிப்புகள் வலை வலையாக விடும். ஆறு மாதத்தில் பெயின்ட்டின் மேல் தெரிகிற அந்தச் சிலந்திக்கோடுகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை. சொரசொரப்பான பூச்சில் இந்தத் தேய்ப்பே கிடையாது. பால் மேலே வருவதில்லை. வெடிப்பு விட்டாலும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சிறு சிறு துண்டுகளாக உடைந்துபோகும், நீண்ட கோடாக ஓடாது, கண்ணுக்கும் தெரியாது.

இரண்டாவது வேலை தண்ணீரோடு. வழவழப்பான சுவரில் மழைநீர் ஏடாக இறங்கி, வழியில் சேர்ந்து ஓடையாகும். ஓடை எங்கே வெடிப்பைக் கண்டாலும் உள்ளே நுழையும். தூசியைக் கொண்டுவந்து ஜன்னல் மூலைகளுக்குக் கீழே மீசை வரையும். முரட்டுப் பரப்பில் நீர் ஒவ்வொரு முகட்டிலும் மோதிச் சிதறுகிறது. ஓடை சேர இடமில்லை. சுவர் முழுதும் ஒரே மாதிரி நனையும், ஒரே மாதிரி அழுக்காகும். இந்தக் கடைசிப் பண்பைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரே சீராகப் பழசான கட்டடத்தை நாம் முதுமை என்கிறோம், திட்டுத்திட்டாகப் பழசானதைப் பாழ் என்கிறோம். மூன்றாவதாக, மேடும் பள்ளமுமான பரப்பு விரிந்தால் தட்டைப் பரப்பைவிடப் பெரியது. காய்வதற்கு அத்தனை இடம் கூடுதல். ஆனால் இந்த மூன்றாம் நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பூச்சு ஈரத்தை உள்ளிருந்து வெளியே விடும் தன்மையுள்ளதாக இருக்க வேண்டும். கதை முழுவதும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான்.

ஸ்காட்லாந்தின் கோட்டைகள் பெரும்பாலும் ஒழுங்கற்ற கல்லால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. கல்லைவிட இணைப்புகள் அதிகம், இணைப்புகள் வழியே மழை எளிதாகப் போகும். அதனால் சுண்ணாம்பும் முரட்டு மணலும் சரளையும் கலந்த ஹார்லிங்கைச் சுவரில் வீசி அடித்து, மேலே வெள்ளையோ நிறம் கலந்த சுண்ணாம்போ அடித்தார்கள். அது மழைக்கோட்டு போன்றது என்று சொல்வது வழக்கம். எனக்கு அது கம்பளிப் போர்வையாகத்தான் படுகிறது. நீரை அது முழுவதும் தடுப்பதில்லை. கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்டதும் காற்றுக்குக் கொடுத்துவிடும். உள்சுவர் வரை போக நேரம் தராது. தேய்ந்தால் மறுபடி அடிக்க வேண்டும். தேய்வதே அதன் வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசனை இதைக் கெடுத்தது. பழைய கோட்டை என்றால் கரடுமுரடான வெறும் கல்லாகத் தெரிய வேண்டும் என்ற கற்பனையில் பல கட்டடங்களின் பூச்சு சுரண்டப்பட்டது. இங்கிலாந்திலும் தேவாலயங்களுக்கு இதே கதி. வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்று செல்லப்பெயர் வந்தது இதனால்தான். நூறு ஆண்டு கழித்து மக்களின் கண் அந்த வெறுங்கல்லுக்கே பழகிவிட்டது. ஸ்டர்லிங் கோட்டையின் பெருமண்டபத்தைப் புதுப்பித்து, அதன் சுவர்களுக்குப் பழைய முறைப்படி சுண்ணாம்புப் பூச்சும் மஞ்சள் பொன்னிறமும் கொடுத்து 1999இல் திறந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பாறை மேல் சாம்பல் நிறத்தில் நின்ற கோட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளீரென்று நின்றது. உண்மையில் கட்டிய காலத்தில் அது இருந்த கோலத்துக்கு அதுவே நெருக்கம்.

இதற்குள் சிமெண்ட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824. அந்த நூற்றாண்டின் கடைசியில் கட்டடக் கலைஞர்கள் பழைய ரஃப்காஸ்ட்டின் தோற்றத்தைப் புதிய சிமெண்டில் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் சி. எஃப். ஏ. வாய்சி தன் வீடுகளுக்கெல்லாம் வெள்ளை ரஃப்காஸ்ட்டையே முத்திரையாக வைத்துக்கொண்டார். விண்டர்மியர் ஏரிக்கரையில் 1898இல் வடிவமைத்த பிராட்லீஸ் வீடு அதற்கு நல்ல சாட்சி. செங்கல் சுவரை மெல்லியதாகக் கட்டி, மேலே சிமெண்ட் ரஃப்காஸ்ட் அடித்தால் செலவும் குறைவு, குளிரும் மழையும் தாங்கும் என்பது அவர் கணக்கு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்சியின் கூரைகள் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளும். சுவர் மேல் விழும் மழையில் பெரும்பங்கைக் கூரையே வாங்கிக்கொள்ளும்.

ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோவில் உள்ள ஹில் ஹவுஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டோஷ், பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காக 1902க்கும் 1904க்கும் இடையே கட்டிய வீடு அது. கிளைட் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கிறது. மேற்குக் கடல் மழை நேராக முகத்தில் அறையும் இடம். மேக்கின்டோஷ் ஸ்காட்லாந்தின் ஹார்லிங் மரபை மதித்தவர். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது அன்று புதுமையாயிருந்த போர்ட்லண்ட் சிமெண்ட் கலவை. வீடு ஒரே வார்ப்பில் செய்த சிற்பம் போல் தெரிய வேண்டும் என்று, சுவர்த் தலைகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் மேல் கல் மூடி வைக்காமல் பூச்சையே உச்சி வரை கொண்டுபோய் மடித்தார். வெளியே நீளும் விளிம்பு இல்லை, நீரைச் சொட்டவிடும் மூக்கு இல்லை.

சிமெண்ட் பூச்சு கடினமானது, சுவர் அசையும்போது கூடச் சேர்ந்து அசையாது. மயிரிழை வெடிப்புகள் விழுந்தன. மயிரிழைக்குள் நீர் புகுவதற்கு அழுத்தம் தேவையில்லை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தானே இழுத்துக்கொள்ளும். புகுந்த நீர் திரும்பி வெளியேற வேண்டுமானால் அந்தக் கெட்டிப் பூச்சின் வழியே ஆவியாக வேண்டும், அது விடவில்லை. சுண்ணாம்புப் போர்வை செய்த வேலையைச் சிமெண்ட் ரப்பர்ஷீட் போலத் தலைகீழாகச் செய்தது. வருகிற நீர் வந்தது, போகிற வழி அடைபட்டது. எத்தனையோ ஒட்டு வேலைகளுக்குப் பிறகு, வீட்டைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 2019இல் அசாதாரணமான ஒரு காரியம் செய்தது. வீடு முழுவதற்கும் மேலே ஒரு கூரை, சுற்றிலும் கோடிக்கணக்கான எஃகு வளையங்களைக் கோத்த வலை. கார்மடி குரோக் என்ற கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்தது. காற்று போகும், மழை பெரும்பாலும் போகாது. உள்ளே வீடு ஆண்டுக்கணக்கில் மெல்ல உலர்கிறது. பார்வையாளர்கள் படியேறி அதன் கூரைக்கு மேலே நடந்து பார்க்கலாம். நோயாளியைப் பார்க்க டிக்கெட் வாங்கிப் போவது போல இருக்கிறது என்று தோன்றினாலும், இத்தனை நேர்மையாகத் தன் பிழையைக் காட்சிக்கு வைத்த கட்டடம் வேறு எனக்குத் தெரியாது.

அபர்டீன் பக்கத்துக் கிரெய்கிவார் கோட்டையும் இதே பாடத்தைச் சின்ன அளவில் படித்தது. 1626இல் முடிந்த அந்த இளஞ்சிவப்புக் கோபுரத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் கலந்த ஹார்லிங் போட்டார்கள். ஈரம் உள்ளே தங்கியது. பிற்பாடு அதை உரித்தெடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கே வந்தார்கள். சொரசொரப்பு இரண்டிலும் அதேதான். மாறியது கலவை மட்டும்.

பிரிட்டனின் பெப்பிள்டாஷ் கதையை நான் நீட்டப் போவதில்லை. இரண்டு உலகப்போர்களுக்கு இடையே புறநகர்களில் லட்சக்கணக்கான வீடுகள் முளைத்தபோது, மலிவான செங்கல்லையும் அவசர வேலையையும் மறைக்கக் கூழாங்கல் இறைப்பு வசதியாக இருந்தது. மறைப்பதற்கு வந்தது சீக்கிரமே கேலிக்கும் ஆளாயிற்று. பிடிக்காமல் பிய்த்தெடுக்கப் போனவர்கள் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வருவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். முரட்டுப் பூச்சைப் போடுவது எளிது, எடுப்பது அரிது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுமுன் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசியாவுக்குத் திரும்புவோம். மெட்ராஸ் சுண்ணாம்பு போன அதே சிங்கப்பூருக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இன்னொரு பூச்சு வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஷாங்காய்ப் பூச்சு. சிமெண்டோடு நுண்ணிய கருங்கல் சிப்ஸைக் கலந்து பூசி, கழுவியோ கொத்தியோ கல் போலக் காட்டுவது. மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் கடைவீதிகளில், செதுக்கிய கல் வாங்க வசதியில்லாத வணிகருக்கு இது கல்லின் கௌரவத்தைத் தந்தது. பெயின்ட் தேவையில்லை, ஆண்டுக்காண்டு செலவில்லை. பிற்காலத்தில் வந்தவர்கள் பழசாகத் தெரிகிறது என்று அதன் மேல் பெயின்ட் அடித்தார்கள். இப்போது பாதுகாப்பு வேலை செய்பவர்கள் அந்தப் பெயின்ட்டைப் பொறுமையாக உரித்துக் கல்லைத் தேடுகிறார்கள். சிங்கப்பூர்த் தமிழர் யாராவது பழைய கடைவீட்டுத் தூணொன்றைத் தொட்டுப் பார்த்தால் விரல் நுனிக்கு வித்தியாசம் புரியும். தேவாலயத்தில் பார்த்த பளிங்கு வழவழப்பு ஒரு காலம், இந்தக் கல்சிப்ஸ் இன்னொரு காலம்.

டெல்லியில் கிரிட் வாஷ் இதே காரணத்துக்காக வளர்ந்தது. முழுக்கச் செம்மணற்கல் பதிக்கப் பணம் போதாது; பெயின்ட் அடித்த சுவரோ புழுதிக் காற்றில் ஒரு கோடை தாங்காது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்த விளையாட்டுக் கிராமத்தின் வீடுகள் மணல் நிறக் கல்பொடிப் பூச்சில்தான் எழுந்தன. அந்தச் சுவர்களில் கட்டம் கட்டமாகக் காடிகள் ஓடுவதை அழகுக்கு என்று பலர் நினைப்பார்கள். அழகு பாதிதான். ஒரு கட்டம் என்பது ஒரு நாள் வேலை. நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் சேருமிடத்தில் நிறம் மாறித் தெரியாமல் காடி மறைக்கும். சுருக்க வெடிப்பு வந்தாலும் காடியோடு ஓடி அடங்கும். கழுவும் நேரத்தைக் கணிப்பதுதான் இதில் உயிர். முந்தினால் கல்லே கழன்று வரும், பிந்தினால் பிரஷ் தேயும், சிமெண்ட் போகாது. அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, விரலால் அழுத்தித்தான் அறிய வேண்டும்.

இங்கே அரசு விதிப்புத்தகத்தோடு எனக்கொரு வழக்கு இருக்கிறது. பூச்சுத் தொழிலின் பழைய விதி, வெளியே போகப் போகப் பூச்சு வலு குறைய வேண்டும் என்பது. சுவரைவிட அடிப்பூச்சு மென்மையாக, அடிப்பூச்சைவிட மேல்பூச்சு மென்மையாக இருக்க வேண்டும். வலுவான தோல் சுருங்கும்போது பலவீனமான உடம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பதே காரணம். ஆனால் மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ரஃப்காஸ்ட், பெப்பிள்டாஷ் இரண்டுக்கும் உள்ள வரி என்ன சொல்கிறது? அடிப்பூச்சு 12 மில்லிமீட்டர், சிமெண்டும் மணலும் 1:4. மேல்பூச்சு 10 மில்லிமீட்டர், 1:3, சிமெண்டின் அளவில் 10 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு. கிரிட் வாஷுக்கு மேல்பூச்சு இன்னும் கொழுப்பு: ஒரு பங்கு சிமெண்ட், அரைப் பங்கு மணல், இரண்டு பங்கு கல்சிப்ஸ். எல்லாவற்றிலும் தோல் உடம்பைவிட வலு. கல்லைப் பிடித்து வைக்கச் சிமெண்ட் வேண்டும் என்பது இதற்குச் சொல்லக்கூடிய நியாயம், அதில் உண்மையும் உண்டு. அந்த 10 சதவீதச் சுண்ணாம்பு இந்த முரண்பாட்டைத் தணிக்க வைத்த சமரசம் என்றே நான் வாசிக்கிறேன். கேடு என்னவென்றால், வேலைத்தளத்தில் முதலில் காணாமல் போவது அந்தச் சுண்ணாம்புதான். "சிமெண்ட் இருக்கும்போது சுண்ணாம்பு எதுக்கு சார்?" என்று மேஸ்திரி கேட்பார். மேல்பூச்சு அடிப்பூச்சை விட்டுப் பிரிந்து, தட்டினால் வெற்றுக்குடம் போல ஒலிக்கும் சுவர்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு பங்குண்டு. அடிப்பூச்சு ஈரமாயிருக்கும்போதே அதில் ஆழமாகக் கீறல் போடாமல் விடுவது இன்னொரு பங்கு.

சரி, தமிழ்நாட்டுக்கு இது எந்த அளவு பொருந்தும்? நம் வானிலை ஸ்காட்லாந்தின் தூறலல்ல. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். மீதி மாதங்களில் வெயிலும் புழுதியும். சொரசொரப்பான சுவர் அந்த மாதங்களில் தெருவின் தூசியையெல்லாம் பள்ளங்களில் சேமித்து வைக்கிறது. வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடிக்கும்போது தூசி ஊறிப் பாசிக்குப் பாத்தியாகிறது. வெயில் படாத வடக்குச் சுவரிலும், பக்கத்து வீடு நெருங்கி நிற்கும் சந்துச் சுவரிலும் இரண்டே மழைக்காலத்தில் கருமை படர்வதைப் பார்க்கலாம். வழவழப்பான சுவரிலும் பாசி வரும். ஆனால் அதைத் தேய்த்துக் கழுவலாம். முரட்டுச் சுவரைக் கழுவப் போனால் பிரஷ்தான் தேயும்; பெயின்ட் அடிக்கப் போனாலோ டின் டின்னாகக் குடிக்கும். எங்காவது உடைத்துக் குழாய் பதித்தால், திரும்பப் பூசிய ஒட்டு ஆயுசுக்கும் தழும்பாகத் தெரியும். சிறுவயதில் எங்கள் தெருச் சுற்றுச்சுவரில் முழங்கையை உரசி நான் வாங்கிய தழும்பைப் போல.

ஆகவே சொரசொரப்பு நமக்கு வேண்டாம் என்று முடித்துவிடலாமா? நம் வீடுகளின் வெடிப்புகள் வேறு கதை சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வழவழப்புக்காகத் தேய்த்த தோலிலிருந்தும், செங்கல்லும் கான்கிரீட்டும் சேருமிடத்தில் கோழிவலை பதிக்காததிலிருந்தும், ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றாமல் விட்டதிலிருந்தும் வருகின்றன. ஆற்றுமணல் அரிதாகி, நொறுக்கிய கல்மணலுக்கு மாறிய பிறகு இது கூடியிருக்கிறது. பூச்சுக்கான பி-சாண்டில் மாவு மிகுந்தால் கலவை கையில் வெண்ணெய் போல ஓடும். கொத்தனாருக்குச் சுகம், சுவருக்குச் சுருக்கம். சொரசொரப்பான மேல்பூச்சு இந்தப் பிழைகளில் முதலாவதை மட்டும் மன்னிக்கும். மற்ற மூன்றையும் மன்னிக்காது. மறைக்கும், அவ்வளவே.

மறைப்பதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டதுதான் டின்னில் வரும் டெக்ஸ்சர். கல்பொடியை அக்ரிலிக் பசையில் குழைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ரோலரால் உருட்டுகிறார்கள். முகப்புக்கு அழகு என்று எலிவேஷன் வரைபவர் சொல்வார். மட்டக்கோல் வைத்தால் அலையடிக்கும் சுவரையும் நேராகக் காட்டும் என்று மேஸ்திரி சொல்லாமல் நினைப்பார். பசை நீரை உள்ளே விடாது என்பது விளம்பரம். உண்மைதான். ஆனால் கைப்பிடிச் சுவரின் தலை வழியாகவும், குளியலறைக் குழாய் வழியாகவும், அடித்தளத்திலிருந்து ஏறியும் வரும் ஈரம் வெளியிலிருந்து வருவதில்லையே! உள்ளே வந்ததை வெளியே விடாத பசை, ஹில் ஹவுஸின் சிமெண்ட்டை டின்னில் அடைத்து விற்பதற்குச் சமம். பூச்சு முழுதாக உலருமுன் அவசரமாக உருட்டப்பட்ட டெக்ஸ்சர், அடுத்த மழைக்குப் பிறகு கொப்புளம் விட்டு, இழுத்தால் தோசை போல முழுசாக உரிந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆவியை வெளியேற விடும் கனிமப் பிணைப்புள்ள பூச்சுகளும் சந்தையில் உண்டு. விலை கூடுதல் என்பதால் கேட்பார் குறைவு.

எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். வெளிச்சுவரைக் காப்பது சொரசொரப்பும் அல்ல, வழவழப்பும் அல்ல. சுவர்த் தலையில் நீர் நிற்காத சரிவு, சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டுவதற்கான ஒரு காடி, வெளியே போகப் போக மென்மையாகும் கலவை, கொஞ்சம் சுண்ணாம்பு. இவை இருந்தால் சொரசொரப்பு இருபது ஆண்டு பெயின்ட் செலவை மிச்சப்படுத்தும். இவை இல்லாத சுவருக்கு எந்தப் பூச்சும் உதவாது. முரட்டுப் பூச்சு நோயைத் தாமதமாகக் காட்டும் என்பதால் இன்னும் ஆபத்து. வெயிலும் காற்றும் படும் தெற்கு, மேற்குச் சுவர்களுக்கும், பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டவே யோசிக்கும் உயரமான சுவர்களுக்கும், கல்சிப்ஸை மூடிய ரஃப்காஸ்ட்டோ காடி போட்ட கிரிட் வாஷோ தாராளமாகப் போடலாம். வடக்குச் சந்துக்கும், சமையலறைப் புகை படும் பக்கத்துக்கும், பிள்ளைகள் ஓடும் நடைவழிக்கும் ஸ்பாஞ்ச் ஃபினிஷ் போதும். பழைய சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதன் மேல் சிமெண்ட்டையும் போடாதீர்கள், டின்னையும் திறக்காதீர்கள்.

வீடு கட்டத் தொடங்குகிறவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். பூச்சை அட்டைப் புத்தகத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சுற்றுச்சுவரின் வடக்கு முகத்தில் மீட்டருக்கு மீட்டர் அளவில் இரண்டு மூன்று மாதிரிகள் போடச் சொல்லுங்கள். ஒன்றில் சுண்ணாம்பு சேர்த்தும் ஒன்றில் சேர்க்காமலும் போடட்டும். கலவை விகிதத்தைப் பக்கத்திலேயே கரியால் எழுதி வையுங்கள். ஓர் ஐப்பசி மழை போகட்டும். தை பிறந்ததும் போய், தட்டிப் பாருங்கள். எது ஒலிக்கவில்லையோ அதைப் பூசச் சொல்லுங்கள்.